சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு அரசாங்க உதவி எந்த வழியில் வருகிறது? சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலர் பள்ளி வாசலிலும் தேக்காவிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கட்டணங்களும் வருமான வரம்புகளும் அவ்வப்போது மாறும். அதனால் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் பள்ளி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் பிள்ளைக்கு ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. அரசாங்கம் மாசாமாசம் கையில பணம் தருமா?

பள்ளிப் படிப்புக்கென்று மாதாமாதம் பெற்றோர் கையில் கொடுக்கும் தொகை எதுவும் கிடையாது. கல்வி அமைச்சின் பணம் பள்ளிக்குப் போகிறது. அங்கே அது ஆட்களாகவும் வகுப்புகளாகவும் கருவிகளாகவும் மாறி உங்கள் பிள்ளையிடம் வந்து சேர்கிறது. அதனால்தான் பல பெற்றோருக்கு "நமக்கு எதுவுமே கிடைக்கல" என்று தோன்றுகிறது. கிடைப்பது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் இல்லை.

குடும்பத்தின் செலவைக் குறைக்கும் உதவிகள் வேறாக இருக்கின்றன: கட்டண விலக்கு, போக்குவரத்து மானியம், கருவிகளுக்கான மானியம், வரிச் சலுகை. ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலும் நீங்களாக விண்ணப்பித்தால்தான் வரும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றவையும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? அதை யாரு முடிவு பண்றது?

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 5-ல் 4 பங்கினர் சாதாரணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம், ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு, லேசான ஆட்டிசம் போன்றவை இருந்தாலும் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு பாடத்தைப் பின்தொடர முடிகிறவர்கள் இவர்கள். இன்னும் அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்குத்தான் சிறப்புக் கல்விப் பள்ளிகள்.

மருத்துவரும் உளவியலாளரும் மதிப்பீடு செய்து பரிந்துரைப்பார்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கட்டணம் குறையும். பரிந்துரையைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் விண்ணப்பிக்கிறார்கள். இதற்கெல்லாம் காத்திருப்புக் காலம் உண்டு. தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும் ஆண்டில் தொடங்கினால் தாமதமாகிவிடும். 5 வயதிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2003-ல் நடப்புக்கு வந்தபோது, மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் அதில் சேர்க்கப்படவில்லை. 2019-ல் தொடக்கநிலை ஒன்றுக்கு வந்தவர்களிலிருந்து அவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இதை நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன். "இந்தப் பிள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்" என்று உறவினர்கள் இனிமேல் சொன்னால், சட்டமே அவர்களுக்குப் பதில் சொல்லும்.

சாதாரண அரசாங்கப் பள்ளியில சேர்த்தா, சிறப்பு உதவிக்குன்னு கூடுதலா காசு கட்டணுமா?

வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணமே கிடையாது. பலவகைக் கட்டணமாக மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி கட்டுவீர்கள். சிறப்புத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகைதான்.

அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வருபவற்றைச் சொல்கிறேன். பள்ளியில் சிறப்புத் தேவை அதிகாரி இருப்பார். ஆசிரியர்கள் இவரை எஸ்.இ.என். ஆபீசர் என்பார்கள். கற்றலிலோ நடத்தையிலோ சிரமப்படும் பிள்ளைகளோடு தனியாகவோ சிறு குழுவாகவோ வேலை செய்வதுதான் இவருடைய முழுநேரப் பணி. வகுப்பாசிரியர்களில் சிலரும் தேசியக் கல்விக் கழகத்தில் இதற்கென்றே பயிற்சி பெற்றிருப்பார்கள். தொடக்கநிலை ஒன்றில், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தவும் வகுப்பு ஒழுங்குக்குப் பழகவும் சிரமப்படும் பிள்ளைகளுக்கு 'டிரான்சிட்' என்ற திட்டம் இருக்கிறது. 2026-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். செவித்திறன், பார்வை, உடல் இயக்கம் ஆகியவற்றில் குறையுள்ள பிள்ளைகளுக்கு வெளி அமைப்புகளின் நிபுணர்கள் பள்ளிக்கே வந்து உதவுவதும் உண்டு.

சைகை மொழியில் படிக்க வேண்டிய பிள்ளை என்றால் எல்லாப் பள்ளியும் பொருந்தாது. மேஃபிளவர் தொடக்கப்பள்ளி, பீட்டி உயர்நிலைப்பள்ளி ஆகியவை அதற்கென்று குறிக்கப்பட்டவை.

அப்போ என் மகன் பக்கத்துலேயே உட்கார ஒரு ஆள் போடுவாங்களா?

போட மாட்டார்கள். சிறப்புத் தேவை அதிகாரி பள்ளி முழுவதற்கும் பொதுவானவர். யாருக்கு எத்தனை நேரம் என்பதைப் பள்ளி பார்த்துப் பிரிக்கும். முதல் பதிலில் சொன்ன "பணம் பள்ளிக்குப் போகிறது" என்பதன் உண்மையான விளைவு இங்கேதான் தெரியும். உங்கள் பிள்ளை பெயரில் இத்தனை வெள்ளி, இத்தனை மணி நேரம் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் கிடையாது.

சில பெற்றோர் சொந்தச் செலவில் நிழலாசிரியர் ஒருவரை அனுப்பப் பார்க்கிறார்கள். அது பள்ளியின் அனுமதியைப் பொறுத்தது. எல்லா நேரமும் கிடைக்காது, செலவையும் அரசாங்கம் ஏற்காது. அந்த யோசனைக்குப் போகும் முன், ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் பிள்ளை தடுமாறுகிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பாடம் மாறும் நேரமும் இடைவேளையும்தான் பிரச்சினை என்றால், அந்த நேரங்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். "முழு நாளும் ஆள் வேணும்" என்று கேட்பதைவிட இதற்குப் பள்ளிகள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில சொன்னா பிள்ளைமேல முத்திரை குத்திடுவாங்கன்னு பயமா இருக்கு. சொல்லாம இருந்தா என்ன?

இந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்மவர்களிடம் இது ரொம்ப ஆழமாக இருக்கிறது. கல்யாணப் பேச்சுவரை யோசிக்கிற தாத்தா பாட்டிகள் உண்டு. ஆனாலும் என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன்: சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குத் தெரியாத தேவைக்குப் பள்ளி ஆள் ஒதுக்க முடியாது. அறிக்கை அலமாரியில் இருக்க, பிள்ளை மட்டும் வகுப்பில் "சோம்பேறி", "அடங்காதவன்" என்று பெயர் வாங்கிக்கொண்டிருப்பான். அதுவும் முத்திரைதான். அதற்கு எந்த உதவியும் கூடவே வராது. தொடக்கநிலை ஒன்றுக்கு இடம் உறுதியானதும் அறிக்கையைக் கொடுத்துவிட்டால், ஜனவரிக்கு முன்பே பள்ளி தயாராக நேரம் கிடைக்கும்.

மதிப்பீட்டுக்குத் தனியார்கிட்ட போனா ஆயிரக்கணக்குல கேட்கிறாங்க. வேற வழி?

பிள்ளை ஏற்கெனவே அரசாங்கப் பள்ளியில் இருந்தால், முதலில் வகுப்பாசிரியரிடமோ சிறப்புத் தேவை அதிகாரியிடமோ போங்கள். பள்ளி முதலில் பிள்ளையைக் கவனித்து, தன்னால் முடிந்த ஆதரவைக் கொடுத்துப் பார்க்கும். தேவைப்பட்டால், பெற்றோர் சம்மதத்துடன் கல்வி அமைச்சின் உளவியலாளரிடம் அனுப்பும். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காத்திருக்க முடியாத நிலைமை என்றால் மட்டும் தனியாரை யோசியுங்கள். போகும் முன், அந்த அறிக்கையைப் பள்ளி ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்கு டிஸ்லெக்சியா. பள்ளியிலேயே வகுப்பு இருக்காமே, அப்புறம் எதுக்கு வெளியில போகச் சொல்றாங்க?

தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு டிஸ்லெக்சியா ஆதரவு வகுப்பு எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. சிறு குழுதான்; தனிக் கட்டணம் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் வேறாக உண்டு.

அதற்கு மேலும் தேவைப்படும் பிள்ளைகளைத்தான் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கட்டணம் உண்டு, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள். முழுக் கட்டணத்தைக் கேட்டதும் பயந்துபோய்த் திரும்பி வந்துவிடாதீர்கள். உதவித்தொகைக்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிறப்புப் பள்ளின்னா தனியார் பள்ளிதானே? நம்மால கட்ட முடியுமா?

பலர் குழம்புகிற இடம் இது. சிறப்புக் கல்விப் பள்ளிகளைக் கல்வி அமைச்சு நேரடியாக நடத்துவதில்லை. மைண்ட்ஸ், ஏபிஎஸ்என், ரெயின்போ சென்டர், ஆவா போன்ற சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. பாத்லைட் பள்ளியை ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டர் நடத்துகிறது. நடத்துவது அவர்கள் என்றாலும், நடத்துவதற்கான பணத்தில் பெரும்பங்கு கல்வி அமைச்சிலிருந்தும் தேசிய சமூக சேவை மன்றம் வழியாகவும் வருகிறது. ஆசிரியர்களோடு சிகிச்சையாளர்களும் உளவியலாளர்களும் பள்ளியிலேயே வேலை செய்வதால், ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு சாதாரணப் பள்ளியைவிட மிக அதிகம். அந்த வித்தியாசம் பெற்றோர் தலையில் விழுவதில்லை.

குடிமக்களுக்கான கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சில பள்ளிகளில் மிகச் சிறிய தொகைதான். உச்ச வரம்பு முன்பு மாதம் 150 வெள்ளியாக இருந்தது, பிறகு 90 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. அதையும் கட்ட முடியாதவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு; கீழே வருமானம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். தனியார் பாலர் பள்ளிக்கோ துணைப்பாட நிலையத்துக்கோ கட்டிப் பழகியவர்கள் இந்தத் தொகையைக் கேட்டதும் ஆச்சரியப்படுவார்கள்.

அரசாங்கமே பணம் கொடுக்குதுன்னா, அந்தப் பள்ளிகள் ஏன் நன்கொடை கேட்குது?

அடிப்படைச் செலவுக்கு அரசாங்க நிதி. அதற்கு மேல் ஒரு பள்ளி செய்ய நினைப்பவற்றுக்கு, அதாவது கூடுதல் சிகிச்சையாளர், இசை, நீச்சல், வேலைப் பயிற்சி, குடும்பங்களுக்கான ஆதரவு ஆகியவற்றுக்கு, அமைப்பு தானும் நிதி திரட்டுகிறது. சமூக சேவைகளுக்கு நன்கொடை திரட்டும் கம்யூனிட்டி செஸ்ட், பொதுநலப் பணிகளுக்கு நிதி வழங்கும் டோட் போர்டு ஆகியவற்றிலிருந்தும் இந்தத் துறைக்குப் பணம் வருகிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நன்கொடை நன்றாகத் திரட்டத் தெரிந்த பெரிய அமைப்பின் பள்ளியிலும், அது கைவராத சின்ன அமைப்பின் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்புகள் ஒரே மாதிரி இருக்க முடியாது. பெற்றோர் நன்கொடை தர வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் குறை வைப்பார்களோ என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான். எங்களுக்கு எஃப்.ஏ.எஸ். கிடைக்குமா?

எஃப்.ஏ.எஸ். என்ற கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் சாதாரணப் பள்ளிகளுக்கும் உண்டு, சிறப்புப் பள்ளிகளுக்கும் உண்டு. குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கானது. கட்டணம் முழுவதும் விலக்கு, இலவசச் சீருடை, பாடநூல், சாப்பாட்டு உதவி, போக்குவரத்து உதவி என்று பல சேர்ந்து வரும்.

இரண்டு விதமாகப் பார்ப்பார்கள்: குடும்பத்தின் மொத்த வருமானம் அல்லது ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். நம் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு முக்கியம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், கூட இருக்கும் பாட்டி என்று 6 பேர். வருமானம் 4,800 வெள்ளி. மொத்தத்தைப் பார்த்துவிட்டு "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆளுக்குப் பிரித்தால் 800 வெள்ளிதான் வருகிறது. வரம்புகளை அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்துகிறது. அதனால் முன்பு மறுக்கப்பட்டவர்களும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டீர்களா? பள்ளியிடமே சொந்த உதவி நிதி இருக்கும். வேலை போனது, அப்பா படுக்கையில் விழுந்தது போன்ற சூழ்நிலைகளைச் சொன்னால் கேட்பார்கள். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவைப் பிரிவையும் அணுகலாம். தமிழில் பேச ஆள் இருப்பது பலருக்குப் பெரிய ஆறுதல்.

நாங்க பி.ஆர். எங்களுக்கும் இதே கட்டணமா?

இல்லை. மேலே சொன்ன 13 வெள்ளி, 90 வெள்ளி எல்லாம் குடிமக்களுக்கானவை. நிரந்தரவாசிகள் கூடுதலாகக் கட்டுவார்கள். வேலை அனுமதியில் வந்தவர்கள் இன்னும் அதிகம் கட்டுவார்கள், சிறப்புப் பள்ளியில் இடமும் எளிதில் கிடைக்காது. எஃப்.ஏ.எஸ்.-ஸும் இல்லை. ஆனால் அடுத்த கேள்விகளில் வரும் கருவி மானியத்துக்கு நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம். ஊரிலிருந்து குடும்பத்தை அழைத்துவரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பள்ளிக் கட்டணம் சின்னது, பஸ் கட்டணம்தான் கழுத்தை நெரிக்குது. அதுக்கு ஏதாவது?

உண்மைதான். சிறப்புப் பள்ளி பல பிள்ளைகளுக்கு வீட்டருகே இருப்பதில்லை. உட்லண்ட்ஸிலிருந்து தீவின் மறுகோடிக்குப் போகும் பிள்ளைக்கு மாதாந்தர பஸ் கட்டணம், பள்ளிக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டிவிடும்.

சிறப்புப் பள்ளி ஏற்பாடு செய்யும் வாகனத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை மானியம் உண்டு. பள்ளிவழியாகவே விண்ணப்பிக்கலாம். இது கல்வி அமைச்சின் பணம் இல்லை, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருவது. எஃப்.ஏ.எஸ். கிடைக்காதவர்களும் இதற்குத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காது மெஷின், பேசுற டேப்லட் எல்லாம் யாரு வாங்கித் தருவா?

உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் உதவித் தொழில்நுட்ப நிதி. கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் உச்ச வரம்பு 40,000 வெள்ளி. வருமானச் சோதனை உண்டு. கருவி தேவை என்று தகுதியுள்ள சிகிச்சையாளர் எழுதித் தர வேண்டும். முதலில் வாங்கிவிட்டு ரசீதை அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஒப்புதல் வந்த பிறகு வாங்குங்கள்.

எடுசேவ், பேபி போனஸ் கணக்குல பணம் சும்மா கிடக்கு. எடுக்கலாமா?

பேபி போனஸின் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கை, பிள்ளைக்கு 12 வயதாகும் ஆண்டின் கடைசி நாள்வரை, அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் பயன்படுத்தலாம். சிறு வயது ஆதரவு நிலையங்களும் சிறப்புப் பள்ளிகளும் அதில் அடங்கும். அண்ணன் கணக்கிலிருந்து தம்பிக்கும் கட்டலாம். எடுசேவ் கணக்கில் அரசாங்கம் தொடக்கநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 230 வெள்ளியும் உயர்நிலை மாணவருக்கு 290 வெள்ளியும் போடுகிறது. சிறப்புப் பள்ளி மாணவர்களுக்கும் எடுசேவ் உண்டு. பள்ளி ஏற்பாடு செய்யும் செறிவூட்டல் நடவடிக்கைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். வெளியில் தனியாக எடுக்கும் பேச்சுப் பயிற்சிக்கு எடுசேவ் உதவாது.

தமிழை விட்டுட்டா பிள்ளைக்குப் பாரம் குறையும், உதவி நேரம் கூடும்னு சொல்றாங்களே?

உதவி நேரத்துக்கும் தமிழுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பள்ளிக்கு வரும் நிதி, உங்கள் பிள்ளை எத்தனை மொழி படிக்கிறாள் என்பதைப் பார்த்து வருவதில்லை. தமிழ்ப் பாட நேரத்தில் அவள் வெளியே இருந்தால், அந்த நேரத்தில் யார் அவளோடு இருப்பார், என்ன செய்வாள் என்று பள்ளியிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், விட்டதால் கிடைத்தது காலி நேரம் மட்டும்தான்.

தாய்மொழி விலக்கு உண்மையில் தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உளவியல் அறிக்கையோடு பள்ளிவழியாக விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவுசெய்வார்கள். ஆனால் தொடக்கநிலை இறுதித் தேர்வில் விலக்குப் பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கப்படும்: மற்ற பாடங்களைப் பொறுத்து 6 முதல் 8 வரையிலான அடைவுநிலை (1 மிகச் சிறந்தது, 8 கடைசி). அடிப்படைத் தமிழ் எடுத்து எழுதினாலும் அதே 6 முதல் 8 வரைதான். மதிப்பெண்ணில் வேறுபாடு இவ்வளவுதான் என்றால், தொடக்கநிலை 5-ல் அடிப்படைத் தமிழுக்கு மாறுவதை முதலில் யோசிக்கலாம் என்பேன். உயர்நிலையில் தமிழ் 'பி' என்ற எளிதான பாடமும் உண்டு.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டி தமிழில் மட்டும்தான் பேசுவார் என்றால், தமிழை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நாளெல்லாம் பேச்சுத்துணையாக இருக்கும் ஒருவர் இல்லாமல் போய்விடுகிறார். எந்த மானியத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

வருமான வரியில ஏதாவது குறையுமா?

குறையும். உடற்குறை அல்லது மனவளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,500 வெள்ளி வரிக்கழிவு; அதாவது வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து அந்தத் தொகை கழிக்கப்படும். சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு 4,000 வெள்ளிதான். அப்பாவும் அம்மாவும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி கேட்டும் எதுவும் செய்யலைன்னா யார்கிட்ட போறது?

முதலில் எழுத்தில் கேளுங்கள். வாசலில் பேசியது யாருக்கும் நினைவிருக்காது. "உதவி செய்யுங்கள்" என்பதற்குப் பதிலாக, "இந்தத் தவணையில் சிறப்புத் தேவை அதிகாரி வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறார், எதில் வேலை செய்கிறார், முன்னேற்றத்தை எப்போது எங்களிடம் சொல்வீர்கள்" என்று மூன்று கேள்வியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலம் எழுதச் சிரமமென்றால் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வகுப்பாசிரியர், சிறப்புத் தேவை அதிகாரி, துறைத் தலைவர், பள்ளி முதல்வர் என்ற வரிசையில் போங்கள். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் கல்வி அமைச்சுக்கு எழுதலாம், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம். இன்னொன்று: அந்த அதிகாரியும் பல பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பவர். கோபத்தைக் காட்டுவதைவிடக் குறிப்பாகக் கேட்பதுதான் உங்கள் பிள்ளைக்கு நல்லது.

18 வயசு ஆனதும் எல்லாம் நின்னுடுமாமே?

பள்ளிக்கான நிதி பள்ளியோடு முடிகிறது. சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை 18 வயது வரை. வேலைப் பயிற்சித் திட்டம் உள்ள சிலவற்றில் 21 வரை இருக்கலாம். சாதாரணப் பள்ளியிலிருந்து தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போகும் பிள்ளைகளுக்கு அங்கங்கே சிறப்புத் தேவை ஆதரவு அலுவலகம் இருக்கிறது. கருவிகளுக்கும் ஆதரவு சேவைக்கும் தனி நிதியும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே போய்ப் பதிந்துவிடச் சொல்லுங்கள். உயர்நிலைப்பள்ளியின் கோப்பு தானாக அங்கே போய்விடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியே வருபவர்களுக்கு எஸ்ஜி எனேபல் நடத்தும், பள்ளியிலிருந்து வேலைக்கு அழைத்துச்செல்லும் திட்டம், உடற்குறையுள்ளோர் ஆதரவோடு வேலை செய்யும் பாதுகாக்கப்பட்ட பட்டறைகள், பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் ஆகியவை இருக்கின்றன. பகல்நேர நிலையங்களில் காத்திருப்பு நீளமாக இருக்கலாம். பிள்ளைக்கு 15, 16 ஆகும்போதே பள்ளியின் சமூக சேவை ஊழியரிடம் இந்தப் பேச்சைத் தொடங்கி, எந்தெந்த இடத்தில் பெயர் பதிய வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.